ஃபால்மத்தில் இறங்கி ஜெர்க் சாப்பிட மூன்று மணி நேரம் போதுமா?

கேள்வியைச் சுருக்கினால் இது: சொகுசுக் கப்பல் ஜமைக்காவின் ஃபால்மத் துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கிறது. நீங்கள் நான்கு பேர். மூன்று மணி நேரத்துக்குத் தனி வண்டியும் வழிகாட்டியும் தந்து, மசாலா பூசிப் புகையில் சுட்ட இறைச்சியான உள்ளூர் ஜெர்க் சாப்பிட அழைத்துப் போவதாக ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். போகலாமா, காரம் தாங்குமா, வீட்டுக்காரர் சைவம் ஆயிற்றே அவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுடைய உண்மையான சந்தேகம் வேறு என்று படுகிறது. கொடுக்கும் காசுக்கு அசல் ஜெர்க் கிடைக்குமா, இல்லை பாட்டில் சாஸ் தடவிய கிரில் சிக்கனைத் தந்து திருப்பி அனுப்பிவிடுவார்களா என்பதுதான் அது. கிடைக்கும். எத்தனை கடைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதை வைத்து அதை அளக்க முடியாது. எந்த விறகில் வெந்தது, நெருப்பிலிருந்து இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற இரண்டைப் பாருங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

ஜெர்க்கில் மசாலா பாதி, நெருப்பு பாதி. பழைய முறையில் இடுப்பளவு உயரத்துக்குக் கல் அடுக்கிக் கட்டிய நீள அடுப்பு இருக்கும். அடியில் கரித் தணல். அதன் மேல் கம்பிவலைக்குப் பதிலாகப் பச்சை பிமென்டோ மரக்கட்டைகளை, மணிக்கட்டுத் தடிமனில், நெருக்கி வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். இறைச்சி நேராக அந்தக் கட்டைகள் மேல் கிடக்கும். மேலே நெளித்தகரத்தைப் போட்டு மூடிவிடுவார்கள். நம் கடைகளில் ஆல்ஸ்பைஸ் என்று விற்கிறார்களே, மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டைக் காய், அதன் மரம்தான் பிமென்டோ. காயிலும் இலையிலும் யூஜெனால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. கிராம்புக்கு வாசம் தருவதும் அதுவே. ஈரமான கட்டை தணலில் கனன்று புகையும்போது அந்த வாசம் கொழுப்பில் ஏறுகிறது. முதுகில் பிளந்து விரித்த கோழி வேக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பன்றியின் பெரிய துண்டங்களுக்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம்.

இன்னொரு வகையும் அசல்தான்: எண்ணெய் டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கீல் வைத்து, கால் பொருத்தி, கரி போட்டுச் சுடுவது. சாலையோரத்தில் பான் சிக்கன் என்று விற்பது இதுதான். கிங்ஸ்டனில் ரெட் ஹில்ஸ் சாலை இதற்குப் பேர்போனது. பிமென்டோ கட்டையின் கனமான புகை இதில் குறைவு; கரியின் வாசமும் கருகிய தோலின் சுவையும் கூடுதல். இரண்டில் எது மேல் என்று அங்கேயே சண்டை உண்டு. பிமென்டோ கட்டை இப்போது எளிதாகக் கிடைப்பதில்லை என்பதால், பெயர்பெற்ற கடைகளில்கூட மற்ற மரமும் கரியும் கலந்திருக்கும். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கேஸ் அடுப்பில் வாட்டி, சாஸை மேலே ஊற்றிக் கொடுப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். சமைப்பது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். தகரத்தைத் தூக்கும்போது கண்ணில் புகை அடிக்க வேண்டும். சமையற்கட்டு கதவுக்குப் பின்னால் மறைந்திருந்து, தட்டு மட்டும் அலங்காரமாக வெளியே வந்தால் அந்த இடம் வேண்டாம்.

என்ன தப்பு நடக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தணல் அதிகமானால் மசாலாவில் உள்ள சர்க்கரை முதலில் கருகும். வெளியே கறுத்து, தொடைமூட்டில் ரத்தம் நிற்கும். தணல் குறைந்தால் தோல் ரப்பராகிவிடும். அதைவிட அடிக்கடி நடப்பது, வெந்த கோழியை அலுமினியத் தாளில் சுற்றிச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிடுவது. அரை மணி நேரத்தில் ஆவியில் தோல் ஊறிப் புகையின் கூர்மை போய்விடும். கப்பல் கூட்டம் வரும் நாளில், பதினொரு மணிக்கே வெட்டி அடுக்கி வைத்ததை ஒரு மணிக்குப் பரிமாறும் கடைகள் உண்டு. ஆகவே கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: அடுப்பிலிருந்து எடுத்து, கண்ணெதிரே வெட்டித் தர முடியுமா? பத்து நிமிடம் பொறுங்கள் என்று சொன்னால் சந்தோஷமாகக் காத்திருங்கள்.

மசாலாவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நாக்கு அதைத் தேடும். ஆளுக்கு ஆள் கைப்பக்குவம் மாறும், ஆனால் எலும்பு மாதிரி நிற்பவை நான்கு: பிமென்டோ காய், ஸ்காட்ச் பானட் மிளகாய், வெங்காயத்தாள், தைம் என்ற வாசத் தழை. ஒன்றரைக் கிலோ கோழிக்கு வீட்டில் செய்வதானால் இரண்டு மிளகாய், ஏழெட்டு வெங்காயத்தாள், ஒரு மேசைக்கரண்டி பிமென்டோ பொடி, ஒரு கைப்பிடி தைம், ஐந்து பல் பூண்டு, ஒரு விரல்கடை இஞ்சி, அரைத் தேக்கரண்டி ஜாதிக்காய்ப் பொடி, அதே அளவு பட்டைப் பொடி, ஒரு மேசைக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, 20 கிராம் உப்பு, ஒரு எலுமிச்சைச் சாறு போதும். சோயா சாஸ், வினிகர் சேர்ப்பவர்களும் சேர்க்காதவர்களும் உண்டு. இதை அரைத்துப் பூசி ஓர் இரவு ஊறவைப்பார்கள். சீரகம், மஞ்சள், மிளகாய்த்தூள் வாசம் மேலோங்கினால் அது வேறு ஏதோ வறுவல். ஜெர்க்கில் முதலில் எழ வேண்டியது கிராம்பும் பச்சிலையும் கலந்தது போன்ற மணம்.

வழிகாட்டி வரலாறும் சொல்வார். அதில் எதை நம்பலாம் என்று பிரித்துச் சொல்கிறேன். ஆங்கிலேயர் 1655-இல் ஸ்பானியரிடமிருந்து தீவைப் பிடித்தார்கள். அடிமை நிலையிலிருந்து தப்பி மலைக்காடுகளில் வாழ்ந்த ஆப்பிரிக்க வழியினர் மரூன் எனப்பட்டார்கள். அவர்கள் காட்டுப்பன்றியை வேட்டையாடிப் பதப்படுத்தி உண்டார்கள். 1739-லும் அடுத்த ஆண்டிலும் ஆங்கில அரசு அவர்களோடு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. இவ்வளவும் உறுதி. 1687-இல் ஆளுநரின் மருத்துவராகத் தீவுக்கு வந்த ஹான்ஸ் ஸ்லோன், காட்டுப்பன்றியைப் பிளந்து எலும்பு நீக்கிக் கீறி, உப்பிட்டு, வெயிலில் உலர்த்துவதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆக, பழைய ஜெர்க் இன்று நாம் சாப்பிடும் சாறு ஒழுகும் துண்டாக இருந்திருக்காது. கருவாடு வைப்பதைப்போல் கெடாமல் வைக்கும் உத்தி அது. மரூன்களுக்கு முன்பே தீவில் இருந்த டைனோ மக்களிடமிருந்து புகையூட்டும் முறை வந்தது என்பது நம்பத்தக்க ஊகம். எதிரிப் படைக்குப் புகை தெரியாமலிருக்கக் குழி தோண்டி மூடிச் சமைத்தார்கள் என்ற கதையைத்தான் எல்லா வழிகாட்டிகளும் விரும்பிச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். வாய்மொழி மரபாக எடுத்துக்கொள்ளுங்கள். சான்றுள்ள வரலாறாக எழுதி வைக்காதீர்கள்.

இன்றைய கடை ஜெர்க்குக்குத் தாய்வீடு தீவின் வடகிழக்கே, போர்ட்லேண்ட் மாவட்டத்தில், போர்ட் அன்டோனியோ நகரத்தைத் தாண்டி இருக்கும் பாஸ்டன் பே. சாலையோர அடுப்புகள் அங்கே ஊருக்கே அடையாளம். உங்களிடம் சொல்லப்பட்ட திட்டத்தில் அந்தப் பெயர் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஃபால்மத்திலிருந்து அங்கே போக மட்டும் மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். கிங்ஸ்டனில் தங்கி, ஒரு முழுநாள் ஒதுக்குபவர்களுக்கு உரிய பயணம் அது. பாஸ்டன் பாணி என்று பெயர்ப்பலகை வைத்த கடை வேறு, பாஸ்டன் பே வேறு.

ஃபால்மத்திலிருந்து உங்கள் நேரத்துக்குள் அடங்குவது மேற்குப் பக்கம். மான்டிகோ பே சுமார் 30 கி.மீ.-க்குச் சற்று மேல். கடற்கரை நெடுஞ்சாலை நல்ல சாலை. ஊருக்குள் நுழையும் முன்பே, கிழக்கு விளிம்பில், ஸ்காட்சீஸ் இருக்கிறது. பிமென்டோ கட்டை, நெளித்தகரம், ஓலைக்கூரை என்று பழைய முறையைக் கண்ணெதிரே காட்டும் பெரிய கடை. சுற்றுலாப் பயணிகளும் உள்ளூர்க்காரர்களும் கலந்தே வருவார்கள். ஊருக்குள் போனால் பழைய க்ளாஸ்டர் அவென்யூவில், இப்போது பாடகர் ஜிம்மி கிளிஃப் பெயர் வைத்த சாலையில், போர்க் பிட் என்ற கடை உண்டு. கிழக்குப் பக்கம் ஓச்சோ ரியோஸ் அருகே டிராக்ஸ் ஹாலில் ஸ்காட்சீஸின் கிளை இருக்கிறது. ஆனால் ஒரு வழிக்கே ஒரு மணி நேரம் என்பதால் மூன்று மணி நேரத் திட்டத்தில் அது இடிக்கும். 2025 அக்டோபர் இறுதியில் மெலிசா சூறாவளி மேற்கு ஜமைக்காவைக் கடுமையாகத் தாக்கியது. எனவே எந்தக் கடையானாலும் இப்போது திறந்திருக்கிறதா என்று வழிகாட்டியிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய விமர்சனங்களை நம்பிப் போகாதீர்கள்.

இனி அந்த மூன்று மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். துறைமுக வாசலில் வண்டியைக் கண்டுபிடித்து ஏற பதினைந்து நிமிடம். போக அரை மணி, வர அரை மணி. கடையில் வரிசை, வெட்டித் தருவது, உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மீதி நாற்பத்தைந்து நிமிடம். அதில் இன்னோர் இடம் அவசரமில்லாமல் அடங்கும். நான்கைந்து கடை காட்டுகிறேன் என்றால் ஒவ்வொன்றிலும் ஒரு வாய்தான், அதுவும் வண்டிக்குள் உட்கார்ந்து. அப்படிப்பட்ட திட்டத்தைவிட ஓர் அடுப்பு, ஒரு சாலையோரக் கடை என்று இரண்டே இடம் கேட்டு வாங்குங்கள். கப்பலில் ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் இருப்பதாகக் கணக்கிடுங்கள். ஒரே ஒரு நெடுஞ்சாலை, விபத்து நடந்தால் மாற்றுவழி குறைவு.

நேரக் கணக்கில் பலர் விழும் பள்ளம் ஒன்று. ஜமைக்கா ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் இருக்கும். கோடையில் கடிகாரத்தை முன்னே நகர்த்துவதில்லை. பல கப்பல்கள் புறப்படும் அமெரிக்காவின் ஃபுளோரிடா நகர்த்தும். மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஃபுளோரிடா ஒரு மணி நேரம் முன்னால் இருக்கும். சில கப்பல்கள் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே பயணம் முழுக்க வைத்திருக்கும், சில மாற்றிக்கொள்ளும். கைப்பேசியோ உள்ளூர் நேரத்துக்குத் தானே மாறிவிடும். வழிகாட்டி இரண்டு மணி என்பது எந்த இரண்டு மணி? இறங்கும் முன் கப்பல் கடிகாரத்தையும் கைப்பேசியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சந்திக்கும் நேரத்தை உள்ளூர் நேரத்தில் சொல்லி உறுதி செய்யுங்கள்.

தனி வழிகாட்டி தேவையா என்றால், உணவை விளக்கிச் சொல்வதற்கு மட்டும் என்றால் தேவையில்லை. நெருப்பு நிலவரம் தெரிந்த ஆள் என்றால் தேவை. எந்த அடுப்பில் எத்தனை மணிக்குப் பன்றி இறங்கும், இன்று எத்தனை கப்பல் நிற்கிறது, எந்தக் கடையில் கூட்டம் எப்போது வடியும் என்பதெல்லாம் அங்கேயே புழங்குபவருக்குத்தான் தெரியும். நல்ல வழிகாட்டி முன்கூட்டியே கடைக்குப் போன் செய்து சொல்லிவிடுவார். பணம் கட்டும் முன் அவரிடம் கேளுங்கள்: சொன்ன விலை வண்டிக்கா, ஆளுக்கா, சாப்பாடு அதில் அடங்குமா, அடங்கினால் எத்தனை பங்கு, எந்த இரண்டு கடை, பெயர் என்ன, நடுவில் கைவினைக் கடைக்கோ நகைக்கடைக்கோ நிறுத்துவீர்களா, தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் உண்டா. கடைசிக்கு முந்தைய கேள்வியை அழுத்திக் கேளுங்கள். தரகுக்காக நிறுத்தும் இருபது நிமிடம் உங்கள் சாப்பாட்டு நேரத்திலிருந்துதான் போகும். கடைப் பெயரைச் சொல்லத் தயங்குபவர் அன்று எங்கே தரகு கிடைக்கிறதோ அங்கே போவார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியின் எண் பலகை சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். அங்கே வாடகைக்குப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்ற வண்டிக்கு அதுதான் அடையாளம். வெள்ளைப் பலகை வைத்த சொந்தக் காரில் மலிவாகக் கூட்டிப்போகிறேன் என்பவர் நல்லவராகவே இருக்கலாம். விபத்து நடந்தால் காப்பீட்டில் உங்கள் நிலை சிக்கலாகிவிடும். ஜூட்டா என்ற ஓட்டுநர் சங்கத்தின் வண்டிகள் துறைமுக வாசலிலேயே நிற்கும். திட்டம் எதுவும் சரிப்படவில்லை என்றால் அவர்களிடம் போகவரக் கட்டணம் பேசி, நீங்களே கடையைச் சொல்லிப் போவதும் நல்ல வழிதான். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சுவை சுமாராக இருக்கலாம், ஆனால் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனால் காத்திருக்காது. இந்த ஒரு வித்தியாசத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பணம். அமெரிக்க டாலரை எல்லாரும் வாங்குவார்கள், ஆனால் சாலையோரக் கடையில் மீதி ஜமைக்க டாலரில்தான் வரும், மாற்று விகிதமும் கடைக்காரர் வைத்ததுதான். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 160 ஜமைக்க டாலர் என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டீர்கள். விலைப்பலகையில் வெறும் டாலர் குறி மட்டும் இருக்கும். ஆயிரத்தில் இருந்தால் அது உள்ளூர்ப் பணம், பயப்பட வேண்டாம். வாய்ச்சொல்லாக விலை சொன்னால் எந்த டாலர் என்று கேட்டுவிட்டே ஆர்டர் செய்யுங்கள். சில்லறை நோட்டுகள் கையில் இருக்கட்டும். வழிகாட்டிக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் அன்பளிப்பு வழக்கம்.

எத்தனை மணிக்குப் போவது? பன்னிரண்டுக்கு முன் போனால் கூட்டம் இருக்காது, ஆனால் பன்றி பல இடங்களில் இன்னும் அடுப்பில்தான் இருக்கும். கோழி தயாராக இருக்கும். ஒரு மணிக்கு இரண்டும் இருக்கும், கூடவே எல்லாக் கப்பல்களின் பேருந்துகளும் இருக்கும். பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டே காலுக்குள் போய்ச் சேர்வது நல்ல கணக்கு. டிரம் அடுப்புக் கடைகள் பெரும்பாலும் மாலையில்தான் புகையும். வெள்ளி, சனி இரவுகளில் தெருவுக்குத் தெரு நிற்கும். பகலில் அதைக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் எந்த இடம் என்று கேளுங்கள்.

கோழி கால், அரை, முழு என்ற கணக்கில் விற்கும். பன்றி பவுண்டு கணக்கில். நால்வரில் மூவர் அசைவம் என்றால், அரைக் கோழியும் அரைப் பவுண்டு பன்றியும் முதல் இடத்துக்குத் தாராளம். தொடைப் பக்கம் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். மார்புக்கறி மெல்லிய தணலில் இவ்வளவு நேரம் கிடந்தால் பஞ்சாகிவிடும். தொடையில் கொழுப்பு இருப்பதால் புகையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பன்றியில் கொழுப்பும் தோலும் சேர்ந்த துண்டைக் கேளுங்கள். ஜெர்க் என்ற கலையே பன்றிக்காக உண்டானது. பன்றி சாப்பிடுபவர் கோழியோடு திரும்பினால் பாதிதான் சாப்பிட்டதாக அர்த்தம். மீன், இறால், லாப்ஸ்டர் ஜெர்க்கும் பலகையில் இருக்கும். இவை புகையைத் தாங்கும் பண்டங்கள் அல்ல, மசாலா பூசிச் சுட்டவை மட்டும், முதல்முறைக்கு விட்டுவிடலாம். ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை ஜமைக்காவில் லாப்ஸ்டர் பிடிக்கத் தடைக்காலம். அப்போது இன்று காலை பிடித்தது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

வெட்டுக்கத்தியால் எலும்போடு படபடவென்று நறுக்கித் தாளில் சுற்றித் தருவார்கள். எலும்புச் சில்லு இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கையால் பிய்த்துத் தடவிப் பார்த்துக் கொடுங்கள். எலும்பை ஒட்டிய சதை இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று பதற வேண்டாம். புகையில் நெடுநேரம் வெந்த கறியில் அந்த நிறம் நிற்கும். மூட்டைத் திருகிப் பாருங்கள். எளிதாகக் கழன்று, சாறு தெளிவாக வந்தால் வெந்துவிட்டது. இழுத்தால் வராமல், சதை வழவழவென்று, சாறு சிவப்பாக இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

காரம் பற்றி நம்மவர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. ஸ்காட்ச் பானட், காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் ஒரு லட்சத்திலிருந்து மூன்றரை லட்சம் வரை போகும். குண்டூர் சன்னம் நாற்பதாயிரத்தை ஒட்டியது. இலங்கையில் நை மிரிஸ் என்று விற்கும் மிளகாயும் ஸ்காட்ச் பானட்டின் இனமே. முதல் வாயில் பழ வாசமும் லேசான இனிப்பும் தெரியும், அரை நிமிடம் கழித்துத் தொண்டையில் ஏறும், பிறகு சீக்கிரம் இறங்காது. இருந்தும் கறித்துண்டின் காரம் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. கொழுப்பும் சர்க்கரையும் அதை அமுக்கிவிடும். உண்மையான காரம் தனியாகக் கிண்ணத்தில் வரும் சாஸில் இருக்கிறது. ஆகவே முதல் இரண்டு வாய் சாஸ் இல்லாமல் சாப்பிடுங்கள். அப்போதுதான் அடுப்பின் தரம் தெரியும். பிறகு ஒரு சொட்டு தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். தட்டு வந்ததும் மேலே சாஸை ஊற்றுவது கடைக்காரரின் பழக்கமாக இருந்தால் தனியாகத் தரச் சொல்லிவிடுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்தக் காரம் விரல் இடுக்கில் கொஞ்ச நேரம் இருக்கும். காரம் ஏறினால் தண்ணீர் குடிப்பதில் பயன் இல்லை, அது எண்ணெயில் கரையும் பொருள். பால் ஐஸ்கிரீமோ மாவுப் பண்டமோ உதவும்.

அதற்கென்றே பிறந்தது போலப் பக்கத்தில் இருப்பது ஃபெஸ்டிவல்: மக்காச்சோள மாவும் மைதாவும் கொஞ்சம் சர்க்கரையும் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டிப் பொரித்தது. சூடாக இருந்தால் வெளியே மொறுமொறு, ஆறினால் கல். பாமி என்பது மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிந்து தட்டிய வட்ட ரொட்டி, டைனோ மக்கள் விட்டுப்போனது. தேங்காய்ப்பாலில் நனைத்துப் பொரிப்பார்கள். தணலில் முழுதாகச் சுட்டுத் தோல் சீவிய ஈரப்பலாக்காய் கிடைத்தால் விடாதீர்கள். குமரி மாவட்டத்தவர் சீமைப்பலா என்பார்களே, அதேதான். 1793-இல் டஹிட்டியிலிருந்து கப்பலில் ஜமைக்காவுக்கு வந்தது. அடிமைகளுக்கு மலிவான உணவாகும் என்று கொண்டுவந்த மரம், இன்று அந்தத் தட்டில் மிகச் சுவையான பக்கத்துணை.

சைவர் கதைக்கு வருகிறேன். ஜெர்க் கடையில் அவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விசாரிக்காமல் எதையும் சாப்பிடக் கூடாது. ரைஸ் அண்ட் பீஸ் என்பது தேங்காய்ப்பாலில் ராஜ்மா போட்டு வேகவைத்த சோறு. பெரும்பாலும் சைவமே, சில இடங்களில் உப்பிட்ட பன்றித் துண்டு ஒன்றைப் போட்டு வேகவைப்பதும் பழைய வழக்கம். ஃபெஸ்டிவல் மீன் பொரித்த அதே எண்ணெயில் வெந்திருக்கலாம். கலலூ என்ற கீரைப் பொரியலில் உப்புக் கருவாடு உதிர்த்திருப்பார்கள். சுட்ட ஈரப்பலா, சுட்ட சர்க்கரைவள்ளி, சுட்ட சோளம், பொரித்த வாழைப்பழம் ஆகியவை பாதுகாப்பானவை, ஆனால் கறி கிடக்கும் தணலிலேயே சுட்டதாக இருக்கும். அது ஒப்பாதவர் சாப்பிட வேண்டாம். அவருக்காகவே இரண்டாவது இடத்தை ஐட்டல் கடையாக வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. ரஸ்தஃபாரி சமயத்தவரின் உணவு அது. இறைச்சி கிடையாது, உப்பு குறைவு, தேங்காய்ப்பாலில் கிழங்கும் பயறும் கீரையும் கலந்த குழம்புகள். சிலர் மீன் சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். நம் கூட்டுக்கு அவ்வளவு தூரமில்லாத சுவை.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஜெர்க்கைவிட ‘பாட்டி’ (patty) என்ற பண்டத்திடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மஞ்சள் நிற மேலோட்டுக்குள் கறி வைத்துச் சுட்ட அந்தப் பண்டத்தில் எதுவும் சொல்லாமல் கேட்டால் வருவது மாட்டுக்கறி. கோழி, காய்கறி, இறால் பாட்டிகளும் உண்டு, பெயர் சொல்லிக் கேளுங்கள். பன்றி ஆகாதவர்களுக்கு ஒரு கசப்பான உண்மை: பெரிய ஜெர்க் கடைகளில் கோழியும் பன்றியும் ஒரே அடுப்பில், ஒரே கட்டையில் வேகும், ஒரே கறிக்கட்டையில் வெட்டப்படும். ஹலால் பார்ப்பவர்கள் முன்கூட்டியே வழிகாட்டியிடம் சொல்லி, கோழி மட்டும் செய்யும் இடத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. சோயா, கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் மசாலாவில் சோயா சாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை கடுமையானது என்றால் கடைக்காரரின் தலையாட்டலை நம்பிச் சாப்பிட வேண்டாம்; அது உங்கள் மருத்துவரோடு முடிவு செய்ய வேண்டியது.

நம்மவர்களுக்குச் சுவாரசியமான இன்னொரு தட்டு ஆட்டுக்கறிக் குழம்பு. 1845-இல் பிளண்டெல் ஹன்டர் என்ற கப்பல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஓல்ட் ஹார்பர் பேயில் இறக்கியது. 1917 வரை அந்த வரவு நீடித்தது. அவர்கள் விட்ட கறி மசாலா ஜமைக்கர்களின் கல்யாணச் சாப்பாடாகிவிட்டது. நம் வாசம் அடிக்கும், ஆனால் தைமும் பிமென்டோவும் நடுவில் புகுந்து வேறெங்கோ இழுத்துப் போகும். ஒரு சிறு கிண்ணம் வாங்கி நால்வரும் பகிருங்கள். ஜெர்க்குக்கு முன் சாப்பிட்டால் நாக்கு மங்கிவிடும், பிறகு சாப்பிடுங்கள்.

குடிக்க டிங் என்ற கிரேப்ஃபுரூட் சோடா சிறந்தது. அதன் கசப்பும் புளிப்பும் கொழுப்பை வெட்டும். இளநீர் சாலையோரத்தில் கண்ணெதிரே வெட்டித் தருவார்கள். ரம் பஞ்ச் இலவசம் என்று தந்தால் அதில் 63 சதவீத வெள்ளை ரம் இருக்கக்கூடும் என்று நினைத்துக் குடியுங்கள். வெயிலும் காரமும் சேர்ந்தால் திரும்பும் வழி நீளும். பழக்கடையைக் கடந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே நேஸ்பெரி என்று விற்பது நம் சப்போட்டா. மாம்பழத்தில் பம்பாய், ஈஸ்ட் இண்டியன் என்ற பெயர்களில் வகைகள் உண்டு, வைகாசி ஆனியில் போனால் கிடைக்கும்.

மீந்த கறியைக் கட்டிக்கொண்டு போக நினைக்காதீர்கள். வெளியில் வாங்கிய சமைத்த உணவைப் பெரும்பாலான கப்பல்கள் வாசலிலேயே வாங்கி எறிந்துவிடும், அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது இறைச்சிக்கு அனுமதியும் கிடைக்காது. ஸ்காட்ச் பானட்டைப் பச்சையாகக் கொண்டுபோவதும் அப்படியே சிக்கல். மூடி உடைக்காத ஜெர்க் மசாலா பாட்டில் போகும். வாங்கும்போது சாஸ் வேறு, ஊறவைக்கும் விழுது வேறு என்று பார்த்து வாங்குங்கள். சாஸ் இனிப்பும் தக்காளியும் கலந்து மேலே தொட்டுக்கொள்வதற்கு. விழுது கெட்டியாக, உப்புக் கூடுதலாக, பச்சைநிறம் கலந்த பழுப்பாக இருக்கும். வாக்கர்ஸ்வுட், கிரேஸ் இரண்டு நிறுவனங்களின் விழுதும் அங்கே எந்தப் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும், துறைமுகக் கடையைவிட மலிவாக. ஒரு கிலோ கோழிக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போடாதீர்கள், தனியாக உப்பும் சேர்க்காதீர்கள். ஊரில் பிமென்டோ கட்டை கிடைக்காது. ஒரு கைப்பிடி ஆல்ஸ்பைஸ் காயை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் கரித் தணலில் தூவி, உடனே மூடியைப் போட்டுவிடுங்கள். கிட்டத்தட்ட அந்த வாசம் வரும்.